முந்தைய பதிப்பு எங்கே போயிற்று?

கணினியில் ஒரு கோப்பைத் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் பழைய வடிவத்தின் இடத்தில் புதிய வடிவம் அமர்ந்துவிடுகிறது என்பதால், நேற்றைய வடிவம் வேண்டுமென்றால் அது வேறெங்காவது தனியே எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படி எடுத்து வைப்பதற்கென எழுதப்பட்டவையே ‘பேக்கப்’ மென்பொருள்கள் எனப்படும் காப்புப்பிரதி மென்பொருள்கள். அவற்றுள் தேர்ந்தவை ஒரு கோப்புக்கு ஒரே நகலோடு நின்றுவிடாமல், அது மாறிவந்த ஒவ்வொரு நிலையையும் நாளும் நேரமும் குறித்துத் தனித்தனியே வைத்திருக்கும். அந்த ஒவ்வொரு நிலையும் ஒரு பதிப்பு. இந்த ஏற்பாட்டை நம்பி ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர், தேவை வந்த நாளில் கோப்பின் மீது ரைட் கிளிக் செய்து முந்தைய பதிப்புகளின் பட்டியலைத் திறக்கும்போது, அது வெறுமையாக இருப்பதும், முந்தைய பதிப்புகள் எவையும் இல்லை என்ற பொருள்பட ஓர் ஆங்கில வரி மட்டும் தோன்றுவதும் அரிய நிகழ்ச்சிகள் அல்ல. அந்த ஒற்றை வரி உண்மையில் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அறியாமல் எடுக்கப்படும் நடவடிக்கைகளாலேயே, மீட்டிருக்கக்கூடிய பல கோப்புகள் மீட்க முடியாத நிலையை அடைகின்றன.

திருத்தணி போன்ற ஊரில் இச்சிக்கலின் பாரம் பெருநகர அலுவலகங்களைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. தணிகை மலையின் அடிவாரத்தில் இயங்கும் டி.டி.பி. மையங்கள், அச்சகங்கள், ஸ்டூடியோக்கள், இ-சேவை மையங்கள், சார்பதிவாளர் அலுவலகத்தைச் சுற்றி அமர்ந்திருக்கும் பத்திர எழுத்தர்களின் கடைகள் ஆகியவற்றில் கணினித் துறை என்று தனியாக எதுவும் கிடையாது. தட்டச்சு செய்பவரே கணினியையும் பராமரிக்கிறார். ஆடிக் கிருத்திகைக்கு வரும் காவடிக் குழுக்களின் சுவரொட்டிகளும், டிசம்பர் 31 இரவின் திருப்படித் திருவிழாவுக்கான துண்டறிக்கைகளும், கும்பாபிஷேக அழைப்பிதழ்களும், தமிழும் தெலுங்கும் கலந்த திருமணப் பத்திரிகைகளும் பெரும்பாலும் சென்ற ஆண்டின் கோப்பைத் திறந்து திருத்தியே உருவாகின்றன. கிரயப் பத்திரத்தின் வரைவில், ‘செக்குபந்தி’ என்று இவ்வட்டாரத்தில் வழங்கும் நான்கெல்லை விவரம் மூன்று நான்கு முறை மாறிய பிறகு, முதலில் எழுதியதே சரி என்று கட்சிக்காரர் சொல்வதும் உண்டு. முந்தைய பதிப்பு என்பது இங்கே அன்றாடப் பிழைப்பின் தேவை.

வெறுமையான பட்டியலின் பொருளைப் புரிந்துகொள்ள, இவ்வூரார் நன்கறிந்த வில்லங்கச் சான்று துணைசெய்யும். ஒரு நிலத்துக்கு வில்லங்கம் எதுவுமில்லை என்று சான்று வருமானால், குறிப்பிட்ட அலுவலகத்தின் குறிப்பிட்ட கால அட்டவணையில், குறிப்பிட்ட சர்வே எண்ணின் கீழ்ப் பதிவு எதுவும் காணப்படவில்லை என்பதே அதன் பொருள். தேடல் அந்த வரம்பைத் தாண்டிச் செல்லவில்லை. திருத்தணிப் பகுதி 1911இல் வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்து புதிய சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது, 1953 அக்டோபர் 1 அன்று அம்மாவட்டத்தோடு ஆந்திர மாநிலத்துக்குப் போனது, ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, எல்லை நடுவர் படாஸ்கரின் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டத்துக்குத் திரும்பியது. 1997இல் திருவள்ளூர் மாவட்டத்தில் அடங்கியது. நிலம் ஓர் அங்குலமும் நகராமலே அதன் மாவட்டமும் மாநிலமும் இத்தனை முறை மாறியதால், இப்பகுதியில் பழைய ஆவணம் தேடுகிறவர், அந்தக் கிராமம் அக்காலத்தில் எந்த அலுவலகத்தின் எல்லைக்குள், என்ன பெயரில், எந்த மொழியில் பதிவானது என்பதை முதலில் கேட்கிறார். காப்புப்பிரதி மென்பொருளிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் இவையே.

ஏனென்றால் இத்தகைய மென்பொருள் எதுவாயினும் அதற்குள் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. பழைய பதிப்புகள் உண்மையாகவே குவிக்கப்பட்டிருக்கும் சேமிப்பிடம் ஒன்று. எந்தக் கோப்பின் எந்த நாள் பதிப்பு அச்சேமிப்பில் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அட்டவணை மற்றொன்று. திரையில் தோன்றும் பட்டியல் அட்டவணையைப் படித்து உருவாகிறதே தவிர, சேமிப்பிடத்தை ஒவ்வொரு முறையும் துழாவிப் பார்த்து உருவாவதில்லை. மின்சாரம் திடீரென்று போய், யு.பி.எஸ். பேட்டரியும் கைவிட்ட ஒரு கணத்தில் அட்டவணை எழுதப்பட்டுக்கொண்டிருந்தால் அது சிதையலாம். அப்போது சேமிப்பிடம் பழுதின்றி நிறைந்திருக்கப் பட்டியல் மட்டும் வெறுமையாகும். இந்த வேறுபாட்டை அறியாதவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதில்தான் ஆபத்து முழுவதும் அடங்கியிருக்கிறது. காப்பு ஏற்பாடு கெட்டுவிட்டது என்று கருதி அதை நிறுத்திப் புதிதாகத் தொடங்குகிறார். இடமில்லை என்று மென்பொருள் சொன்னால் பழைய பதிப்புகளைத் துப்புரவு செய்ய அனுமதி தருகிறார். சர்வீஸ் செய்பவர் வெளிப்புற ஹார்டு டிஸ்கை ஃபார்மட் செய்து புதிதாகக் கட்டமைத்துத் தருகிறார். ஆகவே பட்டியல் வெறுமையாகத் தெரிந்தவுடன் செய்ய வேண்டிய முதற்காரியம், தானாக நடக்கும் காப்பை நிறுத்திவைத்து, காப்பு வட்டைக் கழற்றி, அதில் எதுவும் புதிதாக எழுதப்படாமல் பார்த்துக்கொள்வது. வட்டிலிருந்து டிக் டிக் என்று ஓசை வருமானால், வட்டைச் சரிபார்க்கும் கட்டளைகளையும் அதன்மீது ஓட்டலாகாது. அவை நோயுற்ற வட்டைத் தொடர்ந்து ஓடவைத்து மிச்சமிருப்பதையும் கெடுக்கக்கூடும்.

பதிப்புகளைக் கணினியே வைத்துக்கொள்ளும் எண்ணம் புதியதன்று. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1977இல் அறிவித்த வி.எம்.எஸ். இயங்குதளத்தில், ஒரு கோப்பைத் திருத்திச் சேமித்தால் பழையது அழியாமல், பெயரின் இறுதியில் 1, 2, 3 என்று எண் ஏறிப் புதிய கோப்பாகவே நிற்கும். வேண்டாதவற்றைப் பயனரே கட்டளையிட்டுக் களைவார். பின்னர் வீடுகளுக்கும் கடைகளுக்கும் பரவிய கணினிகளில் இவ்வசதி இயல்பானதாக அமையவில்லை. விண்டோஸில் முந்தைய பதிப்புகள் என்ற தாவல் இன்று இருப்பினும், அந்த ஒரே பெயரின் பின்னால் முற்றிலும் வேறான இரண்டு பொறியமைப்புகள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது; பாதிக் குழப்பத்தின் ஊற்று இதுவே.

முதலாவது பொறியமைப்பு ‘ஷேடோ காப்பி’ எனப்படும் நிழற்பிரதி. ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வட்டின் நிலையை உறையவைத்ததாகக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு எந்தப் பகுதி மாற்றப்படுகிறதோ அதன் பழைய உள்ளடக்கத்தை மட்டும் தனியிடத்தில் எடுத்துவைப்பது இதன் முறை. முழு நகல் எடுக்காததால் இடம் மிச்சமாகிறது. ஆனால் எல்லாம் பெரும்பாலும் அதே வட்டிலேயே இருப்பதால் அந்த வட்டு செத்தால் நிழலும் சாகும். ஒதுக்கிய இடம் நிறைந்தால் மிகப் பழைய நிழற்பிரதி எச்சரிக்கையின்றி நீக்கப்படும். என்.டி.எஃப்.எஸ். என்ற வட்டு அமைப்புமுறையில் இயங்குவதற்காக வடிவமைக்கப்பட்டது இது; கடைகளில் கைமாறும் பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் அமைந்திருப்பதால், அவற்றிலுள்ள கோப்புக்கு இத்தாவல் எதையும் காட்டாது. இரண்டாவது பொறியமைப்பு 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்த ‘ஃபைல் ஹிஸ்டரி’. இது, மாறிய கோப்புகளை மணிக்கு ஒருமுறை வெளிப்புற வட்டுக்கு முழுமையாக நகலெடுக்கும். விண்டோஸ் 7 வரை நிழற்பிரதியைக் காட்டிய தாவல் விண்டோஸ் 8இல் எடுக்கப்பட்டு, 2015இல் விண்டோஸ் 10 உடன் திரும்பி வந்தது. விண்டோஸ் 7இல் பழகியவர் புதிய கணினிக்கு மாறியபோது, எதையும் இயக்காமலேயே அங்கும் பதிப்புகள் சேர்ந்துகொண்டிருக்கும் என்று நம்பினார். ஃபைல் ஹிஸ்டரியோ, யாரேனும் ஒரு வட்டைக் காட்டி இயக்கும்வரை ஒரு கோப்பையும் எடுப்பதில்லை.

இங்கே நம் ஊர்க் கணினிகளுக்கே உரிய ஒரு பழக்கம் குறுக்கிடுகிறது. சி டிரைவ் எப்போது வேண்டுமானாலும் ஃபார்மட் ஆகலாம் என்பதால், வேலை சார்ந்த கோப்புகளை டி அல்லது இ டிரைவில் வைக்குமாறு கணினி விற்பவரும் சர்வீஸ் செய்பவரும் காலங்காலமாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். அன்றைய நிலையில் அது நல்ல அறிவுரையும்கூட. ஆனால் நிழற்பிரதிகளை உருவாக்கும் சிஸ்டம் புரொடெக்‌ஷன் என்ற பாதுகாப்பு வசதி, இயக்கப்பட்டிருந்தாலும் இயல்பாகச் சி டிரைவை மட்டுமே கவனிக்கும். ஃபைல் ஹிஸ்டரியும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் முதலான பயனரின் கோப்புறைகளையே இயல்பாக எடுக்கும். டி டிரைவின் கோப்புறையை யாரேனும் சேர்த்தால்தான் அது கணக்கில் வரும். கடையின் பத்தாண்டு உழைப்பு முழுவதும் டி டிரைவில் இருக்க, காப்பு மென்பொருள் மணிக்கொரு முறை வெறும் டாக்குமென்ட்ஸ் கோப்புறையைப் பார்த்து, மாற்றமில்லை என்று நிறைவாகத் திரும்பிச் செல்லும் நிலை இதனால் ஏற்படுகிறது. பட்டியல் வெறுமையானதற்குக் காரணம் தேடுகிறவர், எந்தச் சிக்கலான ஆய்வுக்கும் முன்பாக, அக்கோப்பு இருந்த கோப்புறை காப்பின் வரம்புக்குள் எப்போதாவது இருந்ததா என்பதைப் பார்க்க வேண்டும். மாறாத கோப்புக்குப் புதிய பதிப்பு உருவாகாது என்பதையும் சேர்த்து நினைவிற்கொண்டால், வெறுமையான பட்டியல்களில் சில முற்றிலும் சரியான விடைகளே என்பது விளங்கும்.

கோப்புறை வரம்புக்குள் இருந்தது உறுதியானால், பட்டியலை விட்டுவிட்டு நேரே சேமிப்பிடத்துக்குச் செல்வதே மேலான வழி. காப்பு வட்டை வேறொரு கணினியில் இணைத்துத் திறந்தால், ஃபைல் ஹிஸ்டரி என்ற பெயரில் ஒரு கோப்புறையும், அதற்குள் பயனர் பெயரும், அதற்குள் கணினியின் பெயரும், அதற்குள் ‘டேட்டா’ என்ற கோப்புறையும் இருக்கும். அங்கிருந்து சி, யூசர்ஸ் என்று மூலக் கணினியில் இருந்த அதே அடுக்கில் கோப்புகள் வரிசையாக நிற்கும். எந்தச் சிறப்பு மென்பொருளும் இன்றி அவற்றைத் திறக்கலாம். ஒவ்வொரு கோப்பின் பெயரோடும் பதிப்பின் நாளும் நேரமும் அடைப்புக்குறிக்குள் சேர்ந்திருக்கும். அந்த நேரம் யு.டி.சி. எனப்படும் உலகப் பொதுநேரத்தில் எழுதப்படுவது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணிநேரம் முன்னே இருப்பதால், காலை 10 மணி 10 நிமிடத்துக்குக் காப்பெடுக்கப்பட்ட வரைவு 04_40 என்ற குறியோடு தோன்றும். அதிகாலையில் யாரும் வேலை செய்யவில்லையே என்று எண்ணிச் சரியான பதிப்பையே ஒதுக்கிவிடுவதும், விடியற்காலைக்கு முன் காப்பெடுக்கப்பட்ட கோப்பு முந்தைய நாளின் தேதியில் நிற்பதைக் காணாமல் போவதும் இதனால் நேர்கின்றன. விண்டோஸ் 7 காலத்துக் காப்பு வசதியை இன்றும் பயன்படுத்துவோரின் வட்டில், தேதியிட்ட கோப்புறைகளுக்குள் சிறுசிறு ஜிப் பொதிகளாகக் கோப்புகள் பிரிந்து கிடக்கும். மீட்கும் நிரல் மறுத்தாலும் அப்பொதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேட இயலும். பொறுமை வேண்டும், ஆனால் கிடைக்கும்.

அட்டவணையே சிதைந்துவிட்டதெனில், அதைத் தாங்கிய ‘கான்ஃபிகரேஷன்’ கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி தொடங்குமாறு சொல்லும் அறிவுரை பரவலாக வழங்குகிறது. அது புதிய காப்பை ஓடவைக்கும் என்பது மெய்யே. பழைய பதிப்புகளுக்கான வழிகாட்டியை அது மென்பொருளின் கண்ணிலிருந்து நீக்கிவிடும் என்பதும் மெய்யே. அக்கோப்புறையையும் சேமிப்பிடம் முழுவதையும் வேறொரு வட்டில் நகலெடுத்து வைத்த பிறகன்றி அதைச் செய்யலாகாது.

அட்டவணையும் சேமிப்பிடமும் பழுதின்றி இருந்தும் பட்டியல் காட்ட மறுக்கும் நேர்வுகளில், பெரும்பாலும் கோப்பின் முகவரி மாறியிருக்கும். காப்பு மென்பொருள் ஒரு கோப்பை அடையாளம் காண்பது அதன் உள்ளடக்கத்தைக் கொண்டன்று. எந்த டிரைவில், எந்தக் கோப்புறையில், என்ன பெயரில் இருக்கிறது என்ற முழுப் பாதையைக் கொண்டே. கோப்புறையின் பெயரை ‘2023 பத்திரங்கள்’ என்பதிலிருந்து ‘பழைய பத்திரங்கள்’ என்று மாற்றிய கணத்திலேயே, மென்பொருளின் பார்வையில் உள்ளிருக்கும் ஒவ்வொரு கோப்பும் அன்று பிறந்த புதிய கோப்பாகிறது. முந்தைய பதிப்புகள் எல்லாம் பழைய பெயரின் கீழ் அப்படியே இருக்கும். பயனர் எதையும் மாற்றாமலே இது நிகழ்வதும் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிய விண்டோஸில் நுழையும்போது, டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஒன்டிரைவ் என்ற மேகச் சேமிப்புக்கான கோப்புறைக்குள் இடம்பெயர்க்கப்படலாம்; திரையில் எல்லாம் முன்பு போலவே தெரிய, பாதை மட்டும் மாறியிருக்கும். விண்டோஸ் மறுபடி நிறுவப்பட்டால் பயனர் பெயர், கணினியின் பெயர் இரண்டும் மாற வாய்ப்புண்டு. பழைய வட்டை இணைக்கும்போது முந்தைய காப்பைத் தொடர விரும்புவதாகத் தேர்ந்தெடுக்காவிட்டால், மென்பொருள் அதே வட்டில் அருகிலேயே புதிய குடித்தனம் தொடங்கிவிடும். வெளிப்புற வட்டின் எழுத்து இ என்பதிலிருந்து எஃப் என்று மாறுவதுகூடச் சில மென்பொருள்களுக்குப் போதும். ஆகவே இன்றைய கோப்பின் மீது ரைட் கிளிக் செய்வதைக் காட்டிலும், அக்கோப்பு அந்த நாளில் எங்கே, யாருடைய கணக்கில் இருந்தது என்று எழுதிவைத்துக்கொண்டு அந்தப் பாதையில் தேடுவதே பயன்தரும்.

பெயர்களைத் தமிழில் இடும் கடைகளுக்கு இதில் மேலும் ஒரு கண்ணி உண்டு; இதை விளக்கும் கையேடுகள் அரிது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லை ஓரத்துப் பொன்பாடியின் பெயரால் ஒரு கோப்புறை இருப்பதாகக் கொள்வோம். யுனிகோடு எனப்படும் பொதுக் குறியாக்க முறையில், முதலெழுத்தான ‘பொ’வைப் பகரத்தோடு ஒகரத்துக்குரிய ஒரே குறியைச் சேர்த்தும் எழுதலாம், பகரத்தோடு ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளைத் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். இரண்டும் ஒன்றே எனக் கொள்ள வேண்டும் என்பதே யுனிகோடின் விதியும்கூட. ஆயினும் விண்டோஸ் கோப்புப் பெயர்களை அவ்வாறு இணைத்துப் பார்ப்பதில்லை. ஒரு விசைப்பலகை முறையில் ஒருவர் இட்ட பெயரும், வேறொரு முறையில் மற்றவர் இட்ட பெயரும் ஒரே இடத்தில் இரண்டு கோப்புறைகளாக நிற்க முடியும்; பதிப்புகள் இரண்டுக்கும் இடையே பிரிந்துபோகும். காலுக்குப் பதிலாக ரகரத்தையும், ஔகாரக் குறியின் பிற்பகுதிக்குப் பதிலாக ளகரத்தையும் தட்டச்சிடும் பழக்கம் இதனோடு சேர்ந்தால் தேடுபெட்டியில் எதுவும் கிடைக்காது. தெலுங்கின் ஐகாரக் குறிக்கும் இத்தகைய இரட்டை வடிவம் உண்டு என்பதால், இருமொழியிலும் பெயரிடும் கடைகளில் குழப்பம் இரட்டிக்கிறது. தேடலை நம்பாமல் கோப்புறைகளைத் தேதிவாரியாக அடுக்கிக் கண்ணால் பார்ப்பதே இதற்குப் பரிகாரம். இனி இடும் பெயர்களில் சர்வே எண்ணையோ நாளையோ எண்களால் முன்னொட்டாகச் சேர்ப்பது மொழிக்கு எவ்வகையிலும் இழுக்காகாது.

முகவரியைப் போலவே காலமும் பொய் சொல்லக்கூடும். கணினி அணைந்திருக்கும்போது நேரத்தைக் காக்கும், நாணயம் போன்ற சிறிய பேட்டரி தீர்ந்துவிட்ட பழைய கணினிகள், ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தேதிக்குத் திரும்பிவிடும். அந்த நிலையில் எடுக்கப்பட்ட பதிப்பு பட்டியலின் அடியில், யாரும் பார்க்காத இடத்தில் போய் அமரும்; நாள்வரம்பு வைத்துப் பழையவற்றைக் களையும்படி மென்பொருளுக்குச் சொல்லியிருந்தால், நேற்றைய பதிப்பே மிகப் பழையது என்று கருதப்பட்டு முதலில் களையப்படும். சொற்ப விலையில் கிடைக்கும் அந்தப் பேட்டரியை மாற்றுவதைத் தள்ளிப்போடுவது மிகப் பெரிய செலவில் முடியக்கூடும்.

எத்தனை பதிப்புகளை, எத்தனை நாள் வைத்திருப்பது என்பது ஒவ்வொரு ஏற்பாட்டிலும் வேறுபடும். கூகுள் டிரைவில் ஏற்றப்பட்ட வேர்டு, ஃபோட்டோஷாப் போன்ற கோப்புகளின் பழைய பதிப்புகள், நிலையாக வைக்கும்படி குறித்தாலன்றி, 30 நாளுக்குப் பின்னரோ 100 பதிப்புகள் சேர்ந்த பின்னரோ நீக்கப்படலாம். ஒன்டிரைவின் தனிநபர் கணக்கில் வரம்பு 25 பதிப்புகள். ஆப்பிளின் டைம் மெஷின் ஒரு நாளுக்கு மணிவாரியாகவும், ஒரு மாதத்துக்கு நாள்வாரியாகவும், அதற்கு முந்தைய காலத்துக்கு வாரவாரியாகவும் வைத்திருந்து, வட்டு நிறையும்போது பழையதைக் களையும். கூகுள் ஆவணத்தில் பார்வையிடும் உரிமை மட்டும் பெற்றவருக்குப் பதிப்பு வரலாறு தென்படவே தென்படாது. உரிமையாளரின் கணக்கில் நுழைந்தால் முழுமையாக இருக்கும். கணக்கு மென்பொருள்கள் சிலவற்றில், ஒவ்வொரு நாளும் ஒரே கோப்புறையைக் காட்டிக் காப்பு எடுத்தால் முந்தைய நாளின் காப்பின் மேலேயே புதியது எழுதப்படும். நாள்தோறும் கடமை தவறாமல் காப்பு எடுத்தவரிடம் முடிவில் ஒரே ஒரு நாளின் நிலை மட்டுமே மிஞ்சும். மாற்றங்களை மட்டும் தொடர்ச்சியாகச் சேர்க்கும் மென்பொருள்களில், முதலில் எடுத்த முழுப் பிரதியும் இடையில் வந்த ஒவ்வொரு கண்ணியும் இருந்தால்தான் கடைசிப் பதிப்பு திறக்கும். வட்டில் இடம் போதவில்லை என்று பழைய பெரிய கோப்பைக் கையால் அழித்தவர், தமக்குத் தெரியாமல் அதன் பின்னால் வந்த அத்தனை பதிப்புகளையும் அழித்தவராகிறார்.

பதிப்புகள் உண்மையாகவே அழிக்கப்படும் நேர்வுகளில் மிகக் கொடியது பணயத் தீநிரல் எனத்தக்க ரான்சம்வேர். 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவத் தொடங்கிய வான்னாக்ரை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டதோடு நில்லாமல், பாதிக்கப்பட்டவர் தாமே மீண்டுவிடக் கூடாது என்பதற்காக விண்டோஸின் நிழற்பிரதிகளை நீக்கும் கட்டளையையும் தானே பிறப்பித்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில் வெளியிட்டிருந்தது. ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் சிலவும், திருத்தணியிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டரில் உள்ள திருப்பதியில் தேவஸ்தானத்தின் நிர்வாகக் கணினிகள் சிலவும் அந்நாட்களில் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சேவையகங்கள் இத்தகைய தாக்குதலுக்கு உள்ளானபோது பல நாட்கள் அங்கே பதிவுகள் கையால் எழுதப்பட்டன. பட்டியல் வெறுமையாகி, கோப்புகளின் பெயருக்குப் பின்னால் அறிமுகமில்லாத ஒட்டும் காணப்படுமானால், காப்பு வட்டை அந்தக் கணினியில் இணைக்கவே கூடாது. இணைத்தால் அதுவும் பூட்டப்படும். எப்போதும் இணைந்தே இருக்கும் வட்டு இத்தாக்குதலுக்கு எதிராகக் காப்பாகாது என்பதால், வாரம் ஒருமுறை மட்டும் இணைத்து, பிறகு கழற்றி வேறிடத்தில் வைக்கப்படும் இரண்டாவது வட்டு அவசியமாகிறது.

காப்பு எடுக்கப்படுகிறது என்ற நம்பிக்கைக்கும் எடுக்கப்பட்டிருக்கிறது என்ற அறிவுக்கும் உள்ள இடைவெளி சிறுகடைகளுக்கு மட்டும் உரியதன்று. மென்பொருளாளர்கள் தங்கள் நிரல்களைப் பதிப்புவாரியாகச் சேமிக்கப் பயன்படுத்தும் கிட்லேப் நிறுவனத்தில், 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான சேவையகத்தில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்பைத் தேடியபோது, நாள்தோறும் எடுக்கப்படுவதாகக் கருதப்பட்ட பிரதி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. காப்பு எடுக்கும் நிரலின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமல் ஒவ்வொரு முறையும் தோற்றிருந்தது. தோல்வியை அறிவிக்க அனுப்பிய மின்னஞ்சல்களும் வழியிலேயே மறுக்கப்பட்டு எவரையும் சேரவில்லை. வேறொரு வேலைக்காகச் சுமார் ஆறு மணிநேரத்துக்கு முன் ஒருவர் தற்செயலாக எடுத்திருந்த நிலைப்பதிவே அவர்களைக் காத்தது. அந்நிறுவனம் நடந்தவற்றை ஒளிக்காமல் முழுமையாக வெளியிட்டது பாராட்டத்தக்கது. விண்டோஸிலும் ஈவென்ட் வியூவர் என்ற நிகழ்வுப் பதிவேட்டில், ஃபைல் ஹிஸ்டரி எந்த நாளில் எந்தக் கோப்பை எடுக்கத் தவறியது என்ற குறிப்புகள் அமைதியாகச் சேர்ந்துகொண்டிருக்கும்; பாதை மிக நீண்டுவிட்டது, வட்டு இணைக்கப்படவில்லை, சேவை நிறுத்தப்பட்டிருக்கிறது என்பன போன்ற காரணங்கள் பெரும்பாலும் அங்கே வெளிப்படையாகவே கிடைக்கும்.

பதிப்பு கிடைத்தபின் அதை மூல இடத்திலேயே மீட்கச் சொன்னால், இன்றைய கோப்பின் மேல் அது எழுதப்பட்டுவிடும். வேறொரு கோப்புறையைக் காட்டி அங்கே மீட்பதே முறை. அவ்வாறு மீட்டுத் திறக்கும்போது திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் நிரம்பியிருந்தால், கோப்பு கெட்டுவிட்டது என்று அதைத் தூக்கியெறிகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டு அச்சகங்களின் பழைய கோப்புகள் பெரும்பாலும் யுனிகோடுக்கு முற்பட்டவை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் குறியாக்கங்களிலும், பாமினி போன்ற எழுத்துருக்களிலும், தெலுங்குப் பகுதிகள் அனு போன்ற எழுத்துருக்களிலும் அமைந்தவை; 2010 ஜூனில் யுனிகோடையும் டேஸ்16 குறியாக்கத்தையும் அரசுத் தரமாகத் தமிழக அரசு ஏற்ற பின்னரும் கடைகளில் பழைய முறை நெடுங்காலம் தொடர்ந்தது. இவ்வெழுத்துருக்கள் விண்டோஸின் சொந்தக் கோப்புறைக்குள் நிறுவப்படுபவை என்பதால், பயனரின் கோப்புறைகளை மட்டும் எடுக்கும் காப்பில் அவை இடம்பெறுவதில்லை. கணினி மாறும்போது கோப்பு வந்துசேர, அதைப் படிக்க உதவும் எழுத்துரு பழைய கணினியோடு போய்விடுகிறது. மீட்ட கோப்பில் எழுத்துருவின் பெயர் எதுவென்று பார்த்து அதை நிறுவினால், பொருளற்ற குறிகள் அழைப்பிதழாகவும் பத்திரமாகவும் மீண்டும் படிக்கக் கிடைக்கும். ஆதலால் காப்பு வட்டில் எழுத்துருக்களுக்கென ஒரு தனிக் கோப்புறை வைப்பதையும், முடிந்த வேலை ஒவ்வொன்றையும் எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எஃப். வடிவிலும் ஒருமுறை சேமிப்பதையும், தமிழோடு தெலுங்கும் கையாளும் எல்லைப்புறத்து அச்சகங்களும் டி.டி.பி. மையங்களும் இப்போதே தொடங்கிவிடுவது நல்லது.